கல்வெட்டில் இல்லாத கொடை: பிடி அரிசியின் வரலாறு

'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தன் வீட்டார் உண்டபின் எஞ்சியதைக் கொடுப்பதே முறை என்று இதற்குப் பொருள் கொள்கிறோம். 'கடன் தீரட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், பிறகு தருமம் செய்வோம்' என்று நல்ல காரியங்களைத் தள்ளிப் போடுவோர்க்கும் இப்பழமொழியே துணை நிற்கிறது.

ஆனால் இதே தமிழர் வீட்டு அடுக்களையில் இந்தப் பழமொழியைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட வழக்கம் ஒன்றும் இருந்தது. உலை வைக்கும் பெண், அன்றைய சமையலுக்கு வேண்டிய அரிசியைப் படியால் அளந்து முறத்தில் இடுவாள். அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப அள்ளித் தனியே ஒரு கலயத்தில் போடுவாள். அதன் பிறகே அரிசியைக் களைவாள். இங்கே தானம் மிஞ்சியதிலிருந்து எடுக்கப்படவில்லை. உண்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. வீட்டில் எவருக்கும் ஒரு கவளம் குறைந்ததாகத் தெரியவும் இல்லை. பிடி அரிசி என்று பெயர் பெற்ற இவ்வழக்கம் எதைச் செய்தது, எங்கே தவறியது, இன்று எவ்வாறு பயன்படக்கூடும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூவகைக் கொடை

நம் புதுச்சேரிப் பகுதியிலிருந்தே தொடங்குவோம். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தை அறியாதவர் இவ்வூரில் இலர். விளக்கொளி மின்னும் மாளிகை ஒன்றைக் கோயில் என்று எண்ணி விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் கைகூப்பினாராம். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று அறிந்ததும் இடிக்க ஆணையிட்டாராம். ஆயி தானே அதனை இடித்து, அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது மரபுக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்திற்கு நீர் கொணர்ந்த பிரெஞ்சுக்காரர், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக இம்மண்டபத்தை எழுப்பினர். இருப்பது அனைத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவது முதல் வகைக் கொடை. இதைச் செய்ய மாளிகை வேண்டும். மாளிகையை இடிக்கும் மனமும் வேண்டும்.

இரண்டாவது வகை, முதலை வைத்துவிட்டு அதன் விளைவைக் கொடுப்பது. புதுவைக்குத் தெற்கேயுள்ள பாகூரில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானத்திற்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. புதுவைக்கு மேற்கேயுள்ள திரிபுவனையில் முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு, 12 ஆசிரியர்களையும் 260 மாணவர்களையும் கொண்ட கல்விக்கூடம் நில வருவாயால் நடைபெற்றதைத் தெரிவிக்கிறது. சோழர் காலக் கோயில்களில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் கொடுப்பது பெருவழக்கு. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறப்பதற்கு ஈடாகக் குட்டிகள் பிறந்து மந்தையின் எண்ணிக்கை மாறாதிருக்கும் என்பதால் கல்வெட்டுகள் இவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கின்றன. அவ்வளவு இயலாதவர் 48 ஆடுகள் கொடுத்து அரை விளக்கு வைத்தனர். இதுவும் அழகிய ஏற்பாடே. எனினும் இதற்கும் நிலமோ மந்தையோ வேண்டும்.

மூன்றாவது வகைக்கு முதல் வேண்டியதில்லை. அன்றன்று வந்த அரிசியில் அன்றன்றே ஒரு பிடி. செப்பேடு எழுதவோ கல்லில் வெட்டவோ இதில் எதுவும் இல்லை. அரிசி போட்டு வைத்த மண்கலயம் உடைந்ததும் சான்றும் உடைந்துபோயிற்று. ஆகவேதான் மன்னர் கொடைகளைப் பற்றி நூல் நூலாக எழுதும் நாம், பிடி அரிசியைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பிடி என்னும் அளவு

நம் முன்னோர் முகத்தல் அளவைக்கு விரிவான வாய்பாடு வைத்திருந்தனர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி என்று அது கலம் வரை வளரும். இந்த வாய்பாட்டில் 'பிடி' இல்லை. ஏனெனில் அது கைக்குக் கை மாறுவது. தலையிட்டு அளக்க எவராலும் இயலாது. கொடுப்பவளின் மனமே முத்திரையிட்ட படி. வரி வேறு, பிடி அரிசி வேறு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நடுத்தரமான கையால் அள்ளிய ஒரு பிடியை 40 கிராம் என்று கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி சமைக்கும் வீட்டில் இது இருபத்தைந்தில் ஒரு பங்கு. 30 நாளில் 1,200 கிராம் சேரும். ஒரு தெருவில் நூறு வீடுகள் இவ்வாறு எடுத்து வைத்தால் மாதம் 120 கிலோ. தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம் என்பது மதிய உணவுத் திட்டத்திற்கு நடுவண் அரசு வகுத்துள்ள அளவு. அப்படியாயின் 120 கிலோவில் 1,200 வேளைச் சோறு ஆக்கலாம். மாதத்தில் 24 பள்ளி நாட்கள் என்று கொண்டால் ஐம்பது பிள்ளைகளுக்கு மாதம் முழுவதும் மதியச் சோற்றுக்கான அரிசி அந்த ஒரு தெருவிலிருந்தே வந்துவிடும்.

இதில் நாம் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. இந்தக் கொடையின் தலைவி பெண். சொத்தும் ரொக்கமும் ஆண்கள் கையில் இருந்த காலத்தில் அரிசிப் பானை ஒன்றே அவள் ஆட்சிக்குட்பட்ட நாடு. கணவன் தரும் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து அஞ்சறைப் பெட்டியில் அவள் சேர்த்து வைத்த சிறுவாடு, குடும்பத்தின் இடர் நாளுக்கு உதவியது. பிடி அரிசியோ ஊருக்கான சிறுவாடு. எவரையும் கேட்காமல் அவளால் கொடுக்க முடிந்த ஒரே பொருள் அது.

பிடி அரிசி தனித்து நின்ற பழக்கமும் அன்று. அரிசி களைந்த கழுநீரை வாசற்புறத்துப் பானையில் ஊற்றி வைத்தால் அண்டை வீட்டு மாடு குடித்தது. வடித்த கஞ்சியில் ஒரு பகுதி குடிக்க, ஒரு பகுதி வேட்டி சேலைக்கு மொடமொடப்பு ஏற்ற. புடைத்தெடுத்த நொய் கஞ்சிக்கோ உப்புமாவுக்கோ ஆயிற்று. எஞ்சிய சோறு நீரூற்றி மறுநாட் பழையதாயிற்று. வாசலில் அரிசி மாவால் இட்ட கோலம் எறும்புக்கு உணவாயிற்று. சிக்கனம் என்றும் தருமம் என்றும் இவற்றை இரண்டாகப் பிரிக்க அவர்களுக்குத் தோன்றியதில்லை. ஒரு பொருளை வீணாக்காமல் கடைசிவரை பயன்படுத்தினால் அது யாரோ ஒருவர் வயிற்றுக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் கண்ட நடைமுறை.

விருதுபட்டியில் நிகழ்ந்தது

வீட்டுப் பழக்கமாக இருந்த பிடி அரிசி, ஒரு சமூகத்தின் தலையெழுத்தையே மாற்றிய கதையைக் காண நாம் தெற்கே, அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட இன்றைய விருதுநகருக்குச் செல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வணிகத்தில் முன்னேறியிருந்த நாடார் சமூகத்தினருக்குக் கோயில் வாசல்கள் மூடியே இருந்தன. கமுதிக் கோயிலில் 1897-இல் அவர்கள் நுழைந்தது வழக்காகி, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899-இல் சிவகாசிக் கலவரம் மூண்டது. இத்தகைய சூழலில் அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று பள்ளிக்கூடம்.

பள்ளி நடத்தப் பணம்? பாகூர்க் கல்லூரிக்கு ஊர் கொடுத்த அரசன் போல இவர்களுக்கு எவரும் இல்லை. இரண்டு வழிகளை அவர்கள் கையாண்டனர். ஒன்று மகமை. கடைத்தெருவில் நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு தொகையைப் பொதுக் காரியத்திற்கென ஒதுக்குவது. மற்றொன்று பிடி அரிசி. வீட்டுப் பெண்கள் சமைக்கும்போது எடுத்து வைத்த அரிசியைத் திரட்டிப் பள்ளிச் செலவுக்கு ஆக்கினர். மகமை கடைவீதியின் கொடை. பிடி அரிசி அடுக்களையின் கொடை. இவ்விரண்டின் துணையால் சத்திரிய வித்தியாசாலை கட்டணமின்றிக் கல்வி அளித்தது.

பிடி அரிசி திரட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு என்பதைச் சமைத்தறிந்தோர் உடனே சொல்லிவிடுவர். ஒரு வீட்டில் பச்சரிசி, மறு வீட்டில் புழுங்கல். ஒன்று புதியது, மற்றொன்று பழையது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி உலையிலிட்டால் சில குழையும், சில வேகாது. இத்தகைய கலப்பரிசி கஞ்சிக்கும் மாவுக்குமே ஏற்றது. அல்லது அதை விற்றுப் பணமாக்க வேண்டும். பள்ளிக்கு அரிசியைவிடப் பணமே தேவை என்பதால் அங்கே இக்குறை ஒரு குறையாகவில்லை.

இந்தப் பள்ளியில் படித்து, வறுமையால் ஆறாம் வகுப்போடு நின்றுபோன சிறுவன் ஒருவன் உண்டு. 1903 ஜூலை 15-இல் பிறந்த அச்சிறுவனே பின்னாளில் 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதலமைச்சராக விளங்கிய காமராசர்.

பத்துக் காசுச் சோறு

பள்ளிப் பிள்ளைக்குச் சோறு என்னும் எண்ணம் காமராசருக்கு முன்பே தமிழ் மண்ணில் முளைத்திருந்தது. சென்னை மாநகராட்சி 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. நம் புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியது. இவை இரண்டும் அரசாங்கப் பணத்தில் நடந்தவை.

காமராசர் 1956-இல் தொடங்கியதன் தனிச்சிறப்பு வேறு. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, திட்டம் முதலில் ஊர்மக்களின் கொடையால் தொடங்கி, பின்னர் அரசின் உதவியோடு விரிந்தது. ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, ஆறு காசு அரசும் நான்கு காசு உள்ளூர் மக்களும் ஏற்பது என்று வகுத்தனர். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இவ்வழியில் நடந்தவையே. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் இட்டு, ஊரார் பலகையும் நாற்காலியும் மணியும் சீருடையும் கொணர்ந்து கொடுத்தனர்.

அந்த நான்கு காசை நாம் சாதாரணமாக எண்ணலாகாது. தன் அரிசியும் சேர்ந்த சோறு எப்படி வேகிறது, யாருக்குப் போகிறது என்று எட்டிப் பார்க்கும் உரிமை ஊருக்கு அதனால் கிடைத்தது. பிடி அரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர் வகுத்த திட்டத்தில் பொதுமக்கள் பங்கு இடம்பெற்றது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது அதனை அரசே பெருமளவில் ஏற்று நடத்தியது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. இவ்வளர்ச்சி முற்றிலும் சரியானதே. குழந்தையின் சோறு அதன் உரிமை. அண்டை வீட்டாரின் இரக்கம் வற்றினால் நின்றுபோகும் பொருளாக அது இருத்தலாகாது.

பிடி அரிசிக்கும் சாதி இருந்தது

பழையன எல்லாம் பொன் என்று எழுதுவது வரலாறாகாது. பிடி அரிசி பெரும்பாலும் தன் சமூகத்திற்குள், தன் கோயிலுக்குள், தன் தெருவுக்குள் சுழன்ற கொடை. எந்த வீட்டு அரிசியை ஏற்பது, எவரை உட்கார்த்தி உண்பிப்பது என்பதைச் சாதி தீர்மானித்தது. தம் சொந்த அரிசிக்கே அல்லற்பட்ட சேரி மக்களின் பள்ளிக்கு யார் வீட்டுக் கலயம் நிறைந்தது என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும்.

இந்த வேலியைத் தாண்டிய முயற்சிகளும் இருந்தன. நமக்கு அண்மையிலுள்ள வடலூரில் 1867 மே 23-இல் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் அளித்த நிலத்தில் எழுந்த அச்சாலையில் சாதி, சமயம் கேளாமல் பசித்தவர் யாவர்க்கும் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து அரிசியும் காய்கறியும் இன்றும் அங்கே செல்கின்றன.

காந்தியடிகள் 1934 பிப்ரவரி 17-இல் புதுச்சேரிக்கு வந்தார். 1933 நவம்பர் முதல் 1934 ஆகஸ்டு வரை தீண்டாமை ஒழிப்புக்காக அவர் மேற்கொண்ட நெடும்பயணத்தில் அது ஒரு நாள். அப்பயணத்தில் பெண்களின் வளையலையும் கேட்டார். ஏழையின் செப்புக் காசையும் கேட்டார். கையொப்பத்திற்கு ஐந்து ரூபாய் விலை வைத்தார். செல்வர் ஒருவரிடம் பெருந்தொகை பெறுவது எளிதாக இருக்க, காசு காசாக அவர் ஏன் திரட்ட வேண்டும்? கொடுத்த கைக்கு அக்காரியத்தில் பங்கு வந்துவிடுகிறது. சேரிப் பிள்ளையின் பள்ளிக்கு ஒரு காசு கொடுத்தவர், அப்பள்ளி தமக்குத் தொடர்பில்லாதது என்று பிறகு சொல்ல இயலாது. பிடி அரிசியின் ஆற்றலை அதன் வேலிக்கு வெளியே கொண்டுசென்ற முயற்சி அது என்று கூறலாம்.

யாழ்ப்பாணத்துச் சைவரிடையே 'பிடியரிசி' கோயிற் பணியோடும் பள்ளிப் பணியோடும் சேர்ந்து வழங்கிய சொல். காஞ்சி மகாசுவாமிகள் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டத்தை, ரா. கணபதி தொகுத்த 'தெய்வத்தின் குரல்' பதிவு செய்துள்ளது. மிசோரத்துக் கிறித்தவப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கு எடுத்து வைக்கின்றனர். சமயம் வேறு, மொழி வேறு, கலயம் ஒன்று.

இன்றைய அடுக்களைக்கு

புதுச்சேரி மக்களுக்கு இது பழங்கதை மட்டுமன்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை 2015 செப்டம்பரில் இங்கே தொடங்கியது. நியாயவிலைக் கடைகள் மூடிக் கிடந்தன. அரிசியா பணமா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்து, 2024 அக்டோபரில் கடைகள் மீண்டும் திறந்து அரிசி வழங்கின. பொருளியல் அறிந்தோர் இரண்டுக்கும் நியாயம் கூறுவர். நாம் கண்ட வேற்றுமை ஒன்றே. அரிசி வீட்டுக்கு வந்தால் அது அடுக்களைக்குப் போகும், பெண்ணின் கைக்கு வரும். கணக்கில் விழும் பணம் யார் கைக்குப் போகும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். பணத்தில் ஒரு பிடி அள்ளி வைப்பதும் எளிதன்று.

இவ்வழக்கத்தை இன்று மீட்டெடுக்க விரும்புவோர்க்கு வரலாறு தரும் பாடங்கள் சில உண்டு. கலயம் கண்ணில் படும் இடத்தில், அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பரணில் வைத்தால் மறந்துபோகும். ஈரமில்லாத பாத்திரத்தில் காய்ந்த வேப்பிலை போட்டு வைத்தால் வண்டு அண்டாது. பச்சரிசியையும் புழுங்கலையும் தனித்தனியே வைப்பது நலம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று கலயத்தைக் காலி செய்துவிட வேண்டும். எங்கே போகிறது என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். முதியோர் இல்லம், ஆதரவற்ற பிள்ளைகள் விடுதி, தனியே வாழும் பக்கத்துத் தெருப் பாட்டி என்று இடங்களுக்குப் பஞ்சமில்லை. பத்து வீடுகள் சேர்ந்து செய்தால் ஒரு சிறு நோட்டில் கணக்கு எழுதுவது கட்டாயம்; மகமை நிலைத்ததற்குக் கணக்கும் ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, கலயம் நம் சாதிக்காரர் வாசலையே நாடிச் செல்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரிசி குறைவாக உண்ணும் வீடுகளும் இன்று பெருகிவிட்டன. அவர்களும் வழி காணலாம். அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவைத்துச் சமைத்தால் எரிவாயு மிஞ்சும். அந்த மிச்சத்தை ஒரு டப்பாவில் காசாகப் போடலாம். பிள்ளைகள் படித்து முடித்த பாட நூல்களை ஆண்டு இறுதியில் எடைக்குப் போடாமல் அடுத்த வகுப்புக்கு வரும் ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். எதுவாயினும் மிஞ்சட்டும் என்று காத்திராமல் முதலிலேயே எடுத்து வைப்பதுதான் முறை. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியும் ஆதிரை இட்ட முதல் பிச்சைக்குப் பிறகே சுரக்கத் தொடங்கியது என்கிறது காப்பியம். அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரத்துக்கும் ஓர் இல்லத்தரசியின் கைப்பிடியளவு முதலில் தேவைப்பட்டிருக்கிறது.